டிரைவ் இல்லாத லேப்டாப்பும் அம்மாவின் சின்ன சி.டி.யும்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிரான்சிலிருந்து அண்ணன் போன் செய்தார். அவருக்கு இப்போது 83 வயது. வழக்கமாக "சா வா?" என்று ஆரம்பித்து, அங்கே குளிர், இங்கே மழை, ஊரில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கோடு பேச்சு முடியும். அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, அம்மாவ நான் கேமராவுல எடுத்தேனே, அந்தச் சின்ன சி.டி. உன்கிட்டதானே இருக்கு?"

"என்கிட்டதான் இருக்குண்ணே."

"அதப் போட்டு எனக்கு அனுப்புடா. அம்மா கொரலு மறந்துபோயிடும் போல இருக்கு."

நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நாளை வருவதற்கு முழுதாக ஐந்து வாரம் ஆனது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும், உங்களுக்கும் பயன்படலாம்.

எங்கள் வீட்டு டப்பா நீல நிற பிஸ்கட் டின். பரணிலிருந்து இறக்கித் துடைத்துத் திறந்தேன். எண்ணிப் பார்த்ததில் 63 தட்டுகள். மகன் கல்யாணம் நான்கு டி.வி.டி., எங்கள் அறுபதாம் கல்யாணம் இரண்டு, பேரனின் முதல் பிறந்தநாள் ஒன்று, நாதஸ்வரக் கச்சேரி சி.டி.கள், அண்ணன் ஒவ்வொரு முறை வரும்போதும் கொண்டுவந்து கொடுத்த பிரெஞ்சுப் படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், காகித உறைக்குள், உள்ளங்கை அகலத்தில் அந்தச் சின்ன டி.வி.டி. அதன் மேல் அண்ணன் கையெழுத்தில் பிரெஞ்சில் "மமான், 2006".

எடுத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். மகன் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த புது லேப்டாப். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன். தட்டைப் போட வாயே இல்லை. ஒரு வருடமாக அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. "என்னத்தத் தேடுறீங்க, மூக்குக் கண்ணாடி நெத்தியிலதான் இருக்கு" என்றாள் மனைவி.

பெங்களூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டேன். "இப்ப வர லேப்டாப் எதுலயும் அது கிடையாதுப்பா. தனியா ஒண்ணு வாங்கி வெளிய மாட்டிக்கணும்" என்றான். 2008-ல் ஆப்பிள் கம்பெனி மேக்புக் ஏர் என்று டிரைவ் இல்லாத மெல்லிய லேப்டாப்பைக் கொண்டுவந்தபோது பலர் அதைக் குறை சொன்னார்களாம். பிறகு ஒவ்வொரு கம்பெனியாக அதே வழிக்கு வந்துவிட்டன. படம் இணையத்தில் வருகிறது, மென்பொருளும் இணையத்தில் வருகிறது, போட்டோ பென்டிரைவில் போகிறது. தட்டுக்காக ஒதுக்கிய இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம் அல்லது லேப்டாப்பை மெல்லியதாக்கலாம். அவர்கள் கணக்கு சரிதான். நம் பிஸ்கட் டின்னைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

மூன்று கொட்டேஷன்

அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு ஸ்டேப்ளர் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரனுக்கு ஆர்டர் போட்டுப் பழகிய கை. இதற்கும் அப்படியே செய்தேன்.

முதல் கொட்டேஷன், இணையத்தில் பெயர் தெரியாத கம்பெனியின் டிரைவ், ஆயிரத்து நூறு ரூபாய். இரண்டாவது, நாம் கேள்விப்பட்ட கம்பெனியின் டிரைவ். எல்.ஜி., ஏசஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கத்தில் வந்தது. மூன்றாவதைச் சொன்னவர் நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி. "சார், உங்க பழைய லேப்டாப் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அத தூக்கிப் போட்டுட்டீங்களா? அதுல இருக்கிற டிரைவக் கழட்டி ஒரு கேஸுல போட்டா அதுவே வெளி டிரைவ் ஆயிடும். கேஸு ஐந்நூறு ரூபாதான்" என்றார்.

விதிப்படி பார்த்தால் மூன்றாவதுதான் குறைந்த விலை. ஆனால் 2011-ல் வாங்கிய லேப்டாப்பின் டிரைவ், அதுவும் செத்த லேப்டாப்பிலிருந்து எடுப்பது என்று மனது ஒப்பவில்லை. புதுசு என்றால் புதுசுதானே என்று முதல் கொட்டேஷனுக்கு ஆர்டர் போட்டேன். சர்வீசில் நான் செய்யாத தவறை ரிட்டயர் ஆன பிறகு செய்தேன்.

நான்கு நாளில் வந்தது. தீப்பெட்டி மாதிரி எடையே இல்லை. பாட்டு சி.டி. ஓடியது. கல்யாண டி.வி.டி.யைப் போட்டால் சுற்ற ஆரம்பிக்கும், "டக், டக்" என்று சத்தம் வரும், நின்றுவிடும். மறுபடி சுற்றும், மறுபடி நின்றுவிடும். கரண்ட் போய்ப்போய் வரும் வீட்டில் மிக்ஸி ஓடுவது போல.

கடைத் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கியதைச் சொல்கிறேன், டிரைவ் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இந்த மெல்லிய டிரைவ்களுக்குத் தனி கரண்ட் ஒயர் கிடையாது. லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். பழைய வகையான யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தரும். 3.0 துளை 900 வரை தரும். தட்டு சுற்ற ஆரம்பிக்கும் அந்த நொடியில்தான் டிரைவுக்கு அதிகம் தேவைப்படும். போதவில்லை என்றால் டக் டக் என்று நின்றுவிடும். அதனால்தான் சில டிரைவ்களுக்கு இரண்டு முனை உள்ள கேபிள் கொடுக்கிறார்கள், இரண்டு துளையில் செருகி இரண்டிலிருந்தும் கரண்ட் எடுத்துக்கொள்ள. என் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு அந்தக் கேபிளும் இல்லை. 3.0 துளையில் நேராகச் செருகியும் சரியாகவில்லை. திருப்பி அனுப்பினேன். பணம் வந்துவிட்டது, அது ஒரு நல்ல காரியம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். டிரைவ் பெட்டியின் மேல் "யு.எஸ்.பி. 3.0, அதிவேகம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வேகத்துக்காக நம்பி அதிகப் பணம் கொடுக்கவேண்டாம். இந்த டிரைவ்கள் டி.வி.டி.யை அதிகபட்சம் எட்டு மடங்கு வேகத்தில்தான் படிக்கும். அது நொடிக்குச் சுமார் 11 எம்.பி. அதைச் சுமக்கப் பழைய யு.எஸ்.பி. 2.0-வே போதும். ஆட்டோவில் போகிற நாலு பேருக்கு லாரி எதற்கு?

துளையின் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கவேண்டும். இப்போதைய சில லேப்டாப்களில் பழைய செவ்வகத் துளையே இல்லை, முட்டை வடிவ டைப்-சி மட்டும்தான். என் லேப்டாப்பில் இரண்டும் இருக்கிறது, பிழைத்தேன்.

அடுத்து இரண்டாவது கொட்டேஷனுக்கு வந்தேன். பெயர் தெரிந்த கம்பெனி டிரைவ். கேபிளைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. கல்யாண டி.வி.டி. சத்தமில்லாமல் சுற்றியது. ஆனால் படம் வரவில்லை. இப்போதைய விண்டோஸில் டி.வி.டி. படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லையாம். அதற்கு வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளவேண்டும். சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே ஆரஞ்சு நிறக் கூம்பு, அதுதான் அதன் அடையாளம். 1996-ல் எக்கோல் சாந்த்ரால் பாரிஸ் மாணவர்கள் ஆரம்பித்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிரெஞ்சில் படித்த புத்தி, எங்கே போகும்?

மண்டலம் ஐந்து, மண்டலம் இரண்டு

மகன் கல்யாணம் ஓடியது. அறுபதாம் கல்யாணம் ஓடியது. அண்ணன் கொடுத்த ஃபெர்னாந்தெல் படத்தைப் போட்டேன். டிரைவ் ஒரு கேள்வி கேட்டது. இந்தத் தட்டு இரண்டாம் மண்டலத்தைச் சேர்ந்தது, மாற்றிக்கொள்ளலாமா, இன்னும் நான்கு முறைதான் மாற்ற முடியும் என்று.

சினிமாக் கம்பெனிகள் டி.வி.டி.க்காக உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. பிரான்ஸ் இரண்டாம் மண்டலம். இந்தியா ஐந்தாம் மண்டலம். ஒரு மண்டலத்துத் தட்டு இன்னொரு மண்டலத்து டிரைவில் ஓடக்கூடாது என்பது ஏற்பாடு. டிரைவை மண்டலம் மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்தே முறை. ஐந்தாவது முறை எதில் நிறுத்துகிறோமோ அதிலேயே ஆயுள் முழுக்க நின்றுவிடும். கேஷுவல் லீவ் தீர்ந்த குமாஸ்தா மாதிரி, அதன்பிறகு எந்த விண்ணப்பமும் எடுபடாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதிக் கொடுக்க நமக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், ஒரே முறை. ராணுவத்தில் சேர்ந்திருந்த அண்ணன் எழுதிக் கொடுத்து அந்தப் பக்கம் போனார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் இருந்த நான் இந்தப் பக்கம் நின்றேன். இந்தச் சின்னப் பெட்டிக்கு ஐந்து முறை கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை.

பிரெஞ்சுப் படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வி.எல்.சி.யில் பல டிரைவ்கள் மண்டலத்தைப் பார்க்காமலே ஓட்டிவிடும். முதலில் அதில் போட்டுப் பாருங்கள், அவசரப்பட்டு மண்டலத்தை மாற்றிவிடாதீர்கள். கல்யாண வீடியோ, போட்டோ ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த தட்டு, இவற்றுக்கெல்லாம் மண்டலமே கிடையாது. அவை எங்கேயும் ஓடும்.

காலித் தட்டு

கடைசியாக அம்மா தட்டு. இந்தச் சின்னத் தட்டை, வாயில் செருகி உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போடவே கூடாது, மாட்டிக்கொள்ளும். தட்டம் வெளியே வரும் வகைதான் சரி. நடுவில் இருக்கும் குமிழில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி உட்காரவைத்தேன்.

சுற்றியது. நின்றது. திரையில் ஒரு பெட்டி வந்தது. இது காலித் தட்டு, இதை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று.

கை சும்மா இருக்காமல் எலியை நகர்த்திவிட்டது. "எதையாவது அழுத்தித் தொலைக்காதீங்க" என்றாள் மனைவி. நல்லவேளை. அதில் 'சரி' என்று அழுத்தியிருந்தால் டிரைவ் அந்தத் தட்டின் மேல் புதிதாக எழுத ஆரம்பித்திருக்கும். ரத்து செய்துவிட்டு வெளியே எடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எழுதின பகுதி வட்டமாக, நிறம் கொஞ்சம் மாறித் தெரிகிறது. ஆக, உள்ளே ஏதோ இருக்கிறது. டிரைவுக்குத்தான் தெரியவில்லை.

அன்று ராத்திரி அண்ணன் மறுபடி போன் செய்தார். "ஆச்சா?" என்றார். "இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி" என்றேன். சர்வீஸ் முழுக்க வெயிலில் வந்து நின்றவர்களிடம் நான் சொன்ன அதே பதில். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். தம்பி தட்டைப் பார்த்ததுமே கேட்டார், "சார், இது கேமராவுக்குள்ளயே எழுதினதா? ஃபைனலைஸ் பண்ணாங்களா?"

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் சில வீடியோ கேமராக்களில் டேப்புக்குப் பதில் இந்தச் சின்ன டி.வி.டி.யைப் போட்டு எடுப்பார்கள். ஒரு தட்டில் நல்ல தரத்தில் முப்பது நிமிஷம் பிடிக்கும். எடுத்து முடித்ததும், தட்டை மூடி முத்திரை வைப்பதுபோல், கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' என்று ஒன்று செய்யவேண்டும். பத்திரம் எழுதியாகிவிட்டது, ஆனால் ரிஜிஸ்தர் ஆகவில்லை என்றால் எப்படியோ அப்படி. செய்யாவிட்டால் அந்தக் கேமராவைத் தவிர வேறு டிரைவுக்கு அது காலித் தட்டாகவே தெரியும். அண்ணன் அதைச் செய்யவில்லை. கேமரா எப்போதோ பழுதாகிக் குப்பைக்குப் போய்விட்டது.

"பழைய டிரைவக் கொண்டாங்க சார், பாப்போம். எல்லா டிரைவும் ஒரே மாதிரி படிக்காது. ஒண்ணு கைவிட்டத இன்னொண்ணு படிக்கும்" என்றார்.

அப்படித்தான் நான் ஒதுக்கித் தள்ளிய மூன்றாவது கொட்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். செத்த லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போனேன். திருப்பி வைத்து ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினார். டிரைவ் இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஸ்கேலால் கனத்தை அளந்தார். இதில் இரண்டு கனம் உண்டு, 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர். அதற்கேற்ற கேஸ் வாங்கவேண்டும், மாறினால் பொருந்தாது. என்னுடையது தடித்த வகை. ஐந்நூறு ரூபாய் கேஸில் தள்ளி மூடினார். அதற்கு இரண்டு முனைக் கேபிளும் இருந்தது.

தட்டைப் போட்டோம். இதிலும் காலி என்றுதான் முதலில் வந்தது. அவர் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளைத் திறந்தார். தட்டில் பெயர்ப்பட்டியல் இல்லாவிட்டாலும், எழுதின இடத்தை வரிவரியாகத் தேடி எடுக்கும் வேலை அதற்குத் தெரியும். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. "வருது சார். நீங்க போயி ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்றார். நான் போகவில்லை.

முப்பது நிமிஷத்தில் பத்தொன்பது நிமிஷம் கிடைத்தது. ஓரத்தில் கீறல், மற்றது போய்விட்டது.

குசினியில் அம்மா

கடையில் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியையும் கூட்டிவைத்துக்கொண்டு பார்த்தேன்.

பழைய வீட்டுக் குசினி. அம்மா அடுப்பு முன்னால் நிற்கிறார்கள். முதுகுதான் தெரிகிறது. அண்ணன் குரல் கேட்கிறது, "அம்மா, இப்படித் திரும்பிப் பேசும்மா."

"என்னத்தப் பேச? நீதான் இன்னும் பத்து நாளுல கெளம்பிடுவ. அத எடுத்துக்கிட்டு குசினிய விட்டு வெளிய போடா, மீனு கருவிடும்."

அண்ணன் சிரிக்கிறார், போகவில்லை. அம்மா மீனைத் திருப்பிப் போடுகிறார்கள். பாதி நேரம் எண்ணெய்ச் சத்தம்தான். நடுவில் ஒரு தட்டில் இரண்டு துண்டு மீனை எடுத்து வைத்து, இன்னொரு தட்டால் மூடுகிறார்கள்.

"அது யாருக்கும்மா?"

"சின்னவனுக்கு. எலெக்சன் வேலைன்னு ரெண்டு நாளா சரியா சாப்புடல அவன். அவனுக்கு எடுத்து வச்சிட்டுதான் உனக்கு."

2006 சட்டசபைத் தேர்தல் சமயம் அது. அண்ணன் லீவில் வந்திருந்த அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்ததே ராத்திரியில்தான். அப்படி ஒரு ராத்திரி மூடி வைத்த தட்டைத் திறந்து இரண்டு துண்டு மீன் தின்றது எனக்கு நினைவிருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டது போக மிச்சம் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

அம்மா 2009-ல் இறந்துபோனார்கள்.

வீடியோவை அன்றைக்கே அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் குரல் செய்தி வந்தது. "பாத்தியா, ஐயாயிரம் மைல்லேருந்து வந்தவனுக்கு அப்பறந்தானாம், உனக்குத்தான் மொதல்ல" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சத்தமில்லை. பிறகு, "மூணு தடவ பாத்துட்டேண்டா. மெர்சி" என்றார்.

நீங்கள் செய்யவேண்டியது

மற்ற தட்டுகளையும் இரண்டு வாரத்தில் படி எடுத்து முடித்தேன். 63-ல் 9 தட்டு படிக்க வரவில்லை. அதில் அறுபதாம் கல்யாணத்தின் இரண்டாவது தட்டும் ஒன்று. வீட்டில் எழுதுகிற தட்டில் சாயம் போன்ற ஒரு பூச்சு இருக்கும், லேசர் அதில்தான் எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் நாளாக ஆக அது கெடும். அதற்கு மேலே இருக்கும் உலோகப் பூச்சுக்கு ஈரம் ஆகாது. நம் கடற்கரை ஊரில், ஓட்டுக்குக் கீழே பரணில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பழைய லேப்டாப் பரணில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அதன் டிரைவைக் கழற்றிக் கேஸில் போடுவதுதான் மலிவு. புதிதாக வாங்குவதென்றால், தெரிந்த கம்பெனி, தட்டம் வெளியே வரும் வகை, உங்கள் லேப்டாப் துளைக்குப் பொருந்தும் கேபிள், இந்த மூன்றையும் பாருங்கள். ப்ளூ-ரே படிக்கும் டிரைவ் பல மடங்கு விலை. உங்களிடம் ப்ளூ-ரே தட்டு இல்லாவிட்டால் அது வேண்டாம்.

2. ஒரு டிரைவில் படிக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

3. "காலித் தட்டு" என்று வந்தால் ரத்து செய்யுங்கள். எதற்கும் 'சரி' சொல்லாதீர்கள்.

4. தட்டைத் துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். தோசைக்கல் துடைப்பதுபோல் வட்டமாகத் துடைக்கக்கூடாது.

5. கல்யாண டி.வி.டி.யில் 'வீடியோ டி.எஸ்.' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே முழுதாக ஹார்டு டிஸ்கில் படி எடுத்தால் போதும், வி.எல்.சி. அதைத் திறக்கும். நிறைந்த தட்டென்றால் ஒன்றுக்கு 4 ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கும்.

6. பாட்டு சி.டி.க்கு இந்த முறை ஆகாது. என் பென்ஷனர் நண்பர் ஒருவர் இருபது கச்சேரி சி.டி.யை இப்படிப் படி எடுத்து, சி.டி.களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்துக் கேட்க உட்கார்ந்தால் ஒன்றுமே பாடவில்லை. சி.டி.யைத் திறந்தால் தெரியும் சி.டி.ஏ. என்ற கோப்புகள் பாட்டே அல்ல. பாட்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான், ஒவ்வொன்றும் 44 பைட். விலாசத்தைப் படி எடுத்துக்கொண்டு வீட்டை இடித்தது போல ஆகிவிட்டது. பாட்டு சி.டி.யை விண்டோஸ் மீடியா பிளேயர் போன்ற மென்பொருளில் 'ரிப்' செய்யவேண்டும். செய்ததை டிரைவைக் கழற்றிவிட்டு ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அதன் பிறகுதான் மற்றது.

7. படி எடுத்தது இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று பிள்ளைகள் வீட்டில்.

என் சர்வீசில் சில வருடம் பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா சிவில் பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதிக் கொடுக்கும் வேலை. பிரெஞ்சு தெரிந்தவன் என்று என்னை அங்கே உட்காரவைத்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில் இருக்கும். பூச்சி அரித்திருந்தாலும், ஓரம் பொடிந்திருந்தாலும், படிக்க ஒரு ஜோடிக் கண் போதும். இந்தத் தட்டு அப்படி அல்ல. தட்டு நன்றாகவே இருந்தாலும் படிக்கும் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைச் செய்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். இன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேரன் தேடும்போது கிடைக்குமா?

அதனால், நல்ல டிரைவ் எது என்று மாதக்கணக்கில் யோசிக்காதீர்கள். அதை ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு மாத வேலைதான் அதற்கு. வாங்கியோ, இரவல் கேட்டோ, இந்த மழைக்காலம் வருவதற்குள் டப்பாவை இறக்குங்கள்.

என் டிரைவ்கள் இரண்டும் இப்போது பீரோவில் சும்மா இருக்கின்றன. நண்பர்களில் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துப்போகலாம், வாடகை கிடையாது. மேஜைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் பெயர், தேதி, கேபிள் எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். "ரிட்டயர் ஆயும் இந்த ஆளுக்கு ரிஜிஸ்தர் புத்தி போகல" என்று மனைவி சொல்கிறாள். இதுவரை மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.